95 மீட்டர்... 82 மீட்டர்... ரெண்டு சொகுசு கப்பலும் ஏலத்துக்கு வந்த கதை! கப்பல் வேலைக்கு போற மதுரை பசங்க தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு

மதுரை: மதுரையில் கடல் இல்லை. வைகையில் தண்ணீர் ஓடினாலே அது செய்தி. ஆனாலும் கப்பல் வேலை என்றால் நம்ம பக்கத்து பசங்களுக்கு தனி மவுசுதான். டிப்ளமோ முடித்தவர், கேட்டரிங் படித்தவர், ஐடிஐ முடித்த பிட்டர் என்று மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் இருந்தும் கப்பலுக்கு கிளம்புகிறார்கள். சிலருக்கு சரக்கு கப்பல். சிலருக்கு சுற்றுலா கப்பல். இன்னும் சிலருக்கு கோடீஸ்வரர்களின் சொந்த சொகுசு கப்பல் என்று ஆசை காட்டப்படுகிறது.

"பெரிய கப்பல் தம்பி... பெரிய முதலாளி... சம்பளம் டாலர்ல வரும், தவறவே தவறாது" என்பதுதான் ஏஜென்டுகள் வழக்கமாக பாடும் பாட்டு.

கப்பல் பெரிசாக இருந்தால் சம்பளம் தவறாதா? இந்த கேள்விக்கு ரெண்டு கப்பல்களின் கதையே பதில் சொல்கிறது. ஒன்று நம்ம ஊர் ஆசாமி விஜய் மல்லையா பயன்படுத்திய 'இண்டியன் எம்ப்ரஸ்'. இன்னொன்று ரஷ்ய உர அதிபருடையது என்று சொல்லப்பட்ட 'ஆல்பா நீரோ'. ரெண்டையும் கட்டியது ஒரே கம்பெனி. கடைசியில் ரெண்டும் ஏலத்துக்கு வந்தன. ரெண்டிலும் முதல் ஏலம் புஸ்ஸானது!

முதலில் சைஸை பார்ப்போம். அப்புறம் வசதி. கடைசியில் சம்பள மேட்டர்.

தெப்பக்குளத்தில் நிறுத்தினால்...

கப்பல் நீளத்தை மீட்டரில் சொன்னால் நமக்கு சட்டென்று பிடிபடாது. நம்ம ஊர் அளவிலேயே பார்ப்போம்.

இண்டியன் எம்ப்ரஸ் 95 மீட்டர். அதாவது 312 அடி. ஆல்பா நீரோ 82 மீட்டர். அதாவது 269 அடி.

நம்ம டவுன் பஸ் ஒன்று சுமார் 12 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு பஸ்சை வரிசையாக நிறுத்தினால் இண்டியன் எம்ப்ரஸ். ஏழு பஸ்சை நிறுத்தினால் ஆல்பா நீரோ. வித்தியாசம் ஒரே ஒரு பஸ்தான்.

மீனாட்சி அம்மன் கோயில் தெற்கு கோபுரத்தின் உயரம் சுமார் 170 அடி. ரெண்டு தெற்கு கோபுரத்தை படுக்க வைத்தால் 340 அடி வரும். இண்டியன் எம்ப்ரஸ் அதைவிட 28 அடிதான் குறைவு. அடேங்கப்பா!

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு வருவோம். திருமலை நாயக்கர் 1645ல் வெட்டிய இந்த குளம் ஏறக்குறைய ஆயிரம் அடி நீளம், 950 அடி அகலம் கொண்டது. தை மாத தெப்பத் திருவிழாவில் மீனாட்சியும் சொக்கநாதரும் மைய மண்டபத்தை சுற்றி வருவதை பார்த்தவர்களுக்கு அந்த பரப்பு தெரியும். அந்த 950 அடி அகலத்தில் இண்டியன் எம்ப்ரஸ் மாதிரி மூன்று கப்பலை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தினால் குளம் நிரம்பிவிடும். மிச்சம் 14 அடிதான் இருக்கும். ஒரு கோடீஸ்வரர் உல்லாசமாக சுற்றுவதற்கு இவ்வளவு பெரிய சாமான்!

இதுவே உலகத்தில் பெரிசு என்று நினைக்க வேண்டாம். 2013ல் ஜெர்மனியின் லூர்சன் கம்பெனி கட்டி முடித்த 'அஸ்ஸாம்' கப்பல் 180 மீட்டர் நீளம். கிட்டத்தட்ட இண்டியன் எம்ப்ரஸ் ரெண்டு சேர்ந்த அளவு.

நீளத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம்

கப்பல் சைஸில் ஒரு சூட்சுமம் உண்டு. பத்திரிகைகள் எல்லாம் நீளத்தை போட்டு "உலகின் பெரிய கப்பல்" என்று எழுதும். கப்பல் தொழிலில் இருப்பவர்கள் அதோடு நிற்க மாட்டார்கள். "கிராஸ் டன்னேஜ் எவ்வளவு?" என்றும் கேட்பார்கள்.

டன் என்றதும் எடை என்று நினைத்துவிடக் கூடாது. இது எடை இல்லை. கப்பலுக்குள் மூடப்பட்ட இடம் மொத்தம் எவ்வளவு என்பதற்கான கணக்கு. கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரோட்டு மேல் முகப்பு 100 அடி இருக்கும். உள்ளே போனால் ஒரே ஹால்தான். பக்கத்தில் 70 அடி முகப்பு மண்டபம். ஆனால் கீழே சாப்பாட்டு கூடம், நடுவில் மணமேடை, மேலே ரூம்கள் என்று மூணு மாடி. எதில் அதிக ஜனம் கொள்ளும்? அந்த கணக்குதான் கிராஸ் டன்னேஜ்.

உதாரணம் வேண்டுமா? மேலே சொன்ன அஸ்ஸாம் 180 மீட்டர் நீளம், 13,136 கிராஸ் டன். 2016ல் வந்த 'தில்பர்' என்ற கப்பல் 156 மீட்டர்தான், ஆனால் 15,917 கிராஸ் டன். நீளத்தில் அஸ்ஸாம் ஜெயித்தது. உள்ளே இருக்கும் இடத்தில் தில்பர் ஜெயித்தது.

இந்த கணக்கு வேலைக்கு போகிறவருக்கும் முக்கியம். வெளிநாடுகளுக்கு போய் வரும் 500 கிராஸ் டன்னுக்கு மேற்பட்ட வணிக கப்பல், மாலுமிகளுக்கான சர்வதேச தொழிலாளர் உடன்படிக்கைப்படி சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். நம்ம ரெண்டு கப்பலும் அந்த அளவை எப்போதோ தாண்டியவை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ரெண்டுக்கும் ஒரே தாய் வீடு

ரெண்டு கப்பலையும் கட்டியது நெதர்லாந்து நாட்டின் 'ஓஷன்கோ' கம்பெனி.

இண்டியன் எம்ப்ரஸ் கடலில் இறங்கியது 2000ல். அப்போது அதன் பெயர் 'அல் மிர்காப்'. கத்தார் நாட்டுக்கு போனது. 2006ல் மல்லையா கைக்கு வந்த பிறகுதான் இண்டியன் எம்ப்ரஸ் ஆனது. ஆல்பா நீரோ 2007ல் வந்தது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்து பார்த்தால் இப்படி:

நீளம்: இண்டியன் எம்ப்ரஸ் 95 மீட்டர். ஆல்பா நீரோ 82 மீட்டர்.

அகலம்: ரெண்டுமே 14 மீட்டர் சொச்சம். சுமார் 47 அடி. அதாவது நீளத்தில்தான் போட்டி, அகலத்தில் இல்லை.

வேகம்: இண்டியன் எம்ப்ரஸ் 25 நாட் வரை போகும் என்பார்கள். ஆல்பா நீரோ சுமார் 20 நாட். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோ மீட்டர். அப்படி பார்த்தால் ஒன்று மணிக்கு 46 கிலோ மீட்டர், இன்னொன்று 37 கிலோ மீட்டர். 'இவ்வளவுதானா, நம்ம மினி பஸ்சே முந்திரும் போல' என்று சிரிக்க வேண்டாம். தண்ணீரை கிழித்துக்கொண்டு எட்டு பஸ் நீள இரும்பு அந்த வேகத்தில் போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. டீசலை குடம் குடமாக குடிக்கும்.

விருந்தாளிகள்: இண்டியன் எம்ப்ரஸில் 30 பேருக்கு மேல் தங்க அறைகள். ஆல்பா நீரோவில் 12 பேர்தான்.

82 மீட்டர் கப்பலில் வெறும் 12 பேரா? இதற்கு காரணம் இடம் இல்லாதது அல்ல, சட்டம். சர்வதேச கடல் பாதுகாப்பு விதிப்படி 12 பயணிகளுக்கு மேல் ஏற்றினால் அது 'பயணிகள் கப்பல்' கணக்கில் வந்துவிடும். தீ தடுப்பு, உயிர்காக்கும் படகு, கட்டுமானம் என்று எல்லாவற்றிலும் விதி கடுமையாகும். அதனால் உலகத்தில் பெரும்பாலான சொகுசு கப்பல்கள் 12 என்ற நம்பரோடு நின்றுவிடுகின்றன. 12 விருந்தாளிகளை கவனிக்க அதைவிட ரெண்டு மடங்கு ஊழியர் இருப்பார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

நீச்சல் குளமா? ஹெலிகாப்டர் தளமா?

வசதிகளில் ரெண்டும் ரெண்டு ரகம்.

இண்டியன் எம்ப்ரஸ் ஒரு பார்ட்டி கப்பல். மொனாக்கோவில் பார்முலா ஒன் கார் பந்தயம் நடக்கும்போது துறைமுகத்தில் இது நிற்கும். மல்லையாவின் 'போர்ஸ் இந்தியா' கார் ஓடும். இரவில் கப்பலில் விருந்து தூள் பறக்கும். ஹெலிகாப்டர் இறங்க தளம், உடற்பயிற்சி கூடம், பெரிய சலூன். பிரிட்டிஷ் பாடகர் எல்டன் ஜானிடம் இருந்த பியானோ ஒன்று இந்த கப்பலில் இருந்ததாக செய்திகள் வந்தன.

ஆல்பா நீரோ வேறு மாதிரி. இதன் பின்பக்க தளத்தில் 12 மீட்டர் நீள நீச்சல் குளம். குளத்து தண்ணீரும் கடலும் ஒன்றாக தெரியும்படி விளிம்பு அமைத்திருப்பார்கள். இதில் என்ன விசேஷம் என்றால், தண்ணீரை இறக்கிவிட்டு குளத்தின் தரையை அப்படியே மேலே தூக்கலாம். தூக்கினால் அது நடன மேடை. வேண்டும் என்றால் ஹெலிகாப்டர் இறங்கும் தளம். ஒரே இடம், மூணு வேலை! 2007ல் இது வந்தபோது கப்பல் உலகமே வாய் பிளந்தது. பிறகு வந்த பல கப்பல்களில் பின்பக்க குளம் வைக்க ஆரம்பித்தார்கள்.

ஆக, நீளத்தில் எம்ப்ரஸ் ஒரு பஸ் முன்னே. வசதியில் நீரோ ஒரு படி மேலே என்று சொல்பவர்கள் உண்டு.

நிறுத்தி வைத்தாலும் தின்னும் யானை

கப்பலை வாங்குவது பெரிசு இல்லை. வைத்து காப்பாற்றுவதுதான் பெரிசு. கோயில் யானைக்கு தீனி போடுபவரை கேட்டால் தெரியும். கப்பல் விலையில் பத்தில் ஒரு பங்கு வருஷா வருஷம் பராமரிப்புக்கு போகும் என்பது இந்த தொழிலில் பொதுவாக சொல்லும் கணக்கு. 100 கோடி ரூபாய் கப்பல் என்றால் வருஷத்துக்கு 10 கோடி.

சும்மா நிறுத்தி வைத்தால் செலவு மிச்சம்தானே என்று கேட்கலாம். அதுதான் இல்லை. ஆல்பா நீரோ சும்மா நின்றபோது வாரத்துக்கு சுமார் 28,000 டாலர் செலவு ஆனதாக செய்திகள் வந்தன. நம்ம பணத்தில் 23 லட்சம் ரூபாய். எதற்கு? ஏசியை அணைக்க முடியாது. அணைத்தால் உள்ளே இருக்கும் மர வேலைப்பாடு, ஓவியம் எல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். ஏசி ஓட ஜெனரேட்டர் ஓட வேண்டும். ஜெனரேட்டர் ஓட டீசல் வேண்டும். அதை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

முதலாளிக்கு காசு முட்டும்போது முதலில் நிற்பது எது? டீசல் நின்றால் கப்பல் கெடும். சம்பளம் நின்றால் ஆள்தான் கெடுவான். அதனால் முதலில் நிற்பது பெரும்பாலும் சம்பளம்தான்.

மால்டாவில் மடக்கப்பட்ட எம்ப்ரஸ்

மல்லையா கதை எல்லோருக்கும் தெரியும். அவருடைய கிங்பிஷர் விமானம் நம்ம மதுரை ஏர்போர்ட்டிலும் இறங்கி ஏறியதுதான். 2012 அக்டோபரில் அந்த விமானங்கள் பறப்பது அடியோடு நின்றது. ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பள பாக்கி. வங்கிகளுக்கு 9,000 கோடி ரூபாய் பாக்கி. 2016 மார்ச்சில் மல்லையா லண்டனுக்கு பறந்தார். 2019 ஜனவரியில் அவரை தப்பியோடிய பொருளாதார குற்றவாளி என்று மும்பை சிறப்பு கோர்ட் அறிவித்தது.

இதற்கு நடுவே, 2018 மார்ச்சில் மத்திய தரைக்கடலில் உள்ள குட்டி நாடான மால்டாவில் இண்டியன் எம்ப்ரஸ் மடக்கி நிறுத்தப்பட்டது. காரணம் வங்கிக் கடன் இல்லை. சம்பள பாக்கி!

அந்த கப்பலில் வேலை பார்த்தவர்கள் 40 பேருக்கு மேல். இந்தியர்கள், பிரிட்டிஷ்காரர்கள், கிழக்கு ஐரோப்பியர்கள். 2017 செப்டம்பரில் இருந்து சம்பளம் வரவில்லை. மொத்த பாக்கி 10 லட்சம் டாலருக்கு மேல், அப்போதைய மதிப்பில் ஆறரை கோடி ரூபாய். கிரானைட் படிக்கட்டு துடைத்தவர், என்ஜின் ரூமில் வியர்த்தவர், சமையல் செய்தவர் எல்லாம் ஒன்றாக சேர்ந்தார்கள். 'நாட்டிலஸ் இன்டர்நேஷனல்' என்ற மாலுமிகள் சங்கம் கோர்ட்டுக்கு போனது. கோர்ட் கப்பலையே கைது செய்தது.

ஆமாம், 'கைது' என்பதுதான் சட்டத்தில் அதற்கு பெயர். ஆளை இல்லை, கப்பலை!

2018 ஜூனில் ஏலம். 4 கோடியே 35 லட்சம் யூரோவுக்கு ஒரு பார்ட்டி கேட்டது. கேட்டதோடு சரி, பணம் வரவில்லை. செப்டம்பரில் 3 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு கப்பல் கைமாறியது. அப்போதைய மதிப்பில் சுமார் 290 கோடி ரூபாய். பிறகு பெயரும் 'நியோம்' என்று மாறியது.

விவியன் ரிச்சர்ட்ஸ் ஊரில் அனாதையாக நின்ற நீரோ

ஆல்பா நீரோ கதை நடந்தது ஆன்டிகுவாவில். கிரிக்கெட் ரசிகர்களுக்கு சொல்ல வேண்டியதில்லை, விவியன் ரிச்சர்ட்ஸ் பிறந்த தீவு. ஜனத்தொகை ஒரு லட்சத்தை ஒட்டித்தான். நம்ம மதுரையில் சில வார்டுகளை சேர்த்தால் அவ்வளவுதான் நாடு.

2022ல் உக்ரைன் போர் ஆரம்பித்தது. ரஷ்ய பணக்காரர்கள் மேல் தடை மேல் தடை. அந்த வருஷம் ஆகஸ்டில் ரஷ்ய உர அதிபர் ஆண்ட்ரே குரியேவ் மேல் அமெரிக்கா தடை போட்டது. நம்ம விவசாயிகள் வயலுக்கு போடும் டிஏபி மாதிரி பாஸ்பேட் உரங்கள் தயாரிக்கும் 'பாஸ்அக்ரோ' கம்பெனியை தொடங்கியவர் இவர். ஆல்பா நீரோ இவருடையது, மதிப்பு 12 கோடி டாலர் என்று அமெரிக்கா சொன்னது. அவர் தரப்பு அதை மறுத்தது. பேப்பரில் ஓனர், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவான ஒரு கம்பெனி.

தடை வந்ததும் வங்கி கணக்கு வேலை செய்யாது. இன்சூரன்ஸ் கிடையாது. டீசல் போட ஆள் இல்லை. சம்பளம், துறைமுக கட்டணம் எல்லாம் நின்றது. பால்மவுத் துறைமுகத்தில் கப்பல் அனாதையாக நின்றது. ஊழியர்கள் ஒவ்வொருவராக கிளம்ப, மிஞ்சியது ஒரு சிலர்தான். புயல் சீசனில் இந்த கப்பல் அறுத்துக்கொண்டு போய் மற்ற படகுகள் மேல் மோதினால் என்ன ஆவது என்று அந்த நாட்டு அரசு பதறியது. 2023ல் துறைமுக சட்டத்தையே திருத்தி கப்பலை கைப்பற்றியது.

2023 ஜூனில் ஏலம். கூகுள் கம்பெனியின் முன்னாள் தலைவர் எரிக் ஷ்மிட் 6 கோடியே 76 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்தார். ஆனால் குரியேவின் மகள் தரப்பு கோர்ட்டுக்கு போக, வழக்கு வம்பு வேண்டாம் என்று ஷ்மிட் விலகிக்கொண்டார். ஒரு வருஷம் கழித்து, 2024 ஜூலையில் துருக்கி தொழிலதிபர் ஒருவருக்கு 4 கோடி டாலருக்கு கப்பல் விற்கப்பட்டது. சுமார் 335 கோடி ரூபாய். அமெரிக்கா சொன்ன மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு!

ரெண்டு கப்பல். ஒன்றில் முதலாளிக்கு கடன் தொல்லை. இன்னொன்றில் அரசியல் தொல்லை. ரெண்டிலும் சம்பள பாக்கியில் மாட்டியது வேலைக்காரர்கள்.

கப்பலே கடன்காரன்!

இனிதான் முக்கியமான விஷயம்.

நம்ம ஊரில் ஒரு பில்டர் நொடித்துப் போனால் என்ன நடக்கும்? வங்கி முதலில் வந்து பூட்டு போடும். கொத்தனாரும் சித்தாளும் கூலி பாக்கிக்கு கடைசி வரிசையில் நிற்பார்கள். கிடைத்தால் உண்டு, இல்லை என்றால் இல்லை.

கப்பலில் இது தலைகீழ். மாலுமியின் சம்பள பாக்கி அந்த கப்பலின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். சட்டத்தில் இதை கடல்சார் பற்றுரிமை என்கிறார்கள். முதலாளி லண்டனில் இருக்கட்டும், மாஸ்கோவில் இருக்கட்டும். ஓனர் மாறட்டும், பெயர் மாறட்டும், கொடி மாறட்டும். பாக்கி கப்பல் கூடவே போகும். கப்பல்தான் கடன்காரன். கோர்ட் உத்தரவில் ஏலம் போனால்தான் அது கப்பலை விட்டு இறங்கி, ஏலப் பணத்தின் மேல் ஏறும்.

அந்த பணத்தில் கோர்ட் செலவு, கப்பலை காவல் காத்த செலவு போக, மாலுமி சம்பளத்துக்கு முன்னுரிமை. கப்பலை அடமானம் பிடித்த வங்கி அதற்கு பின்னால்தான்.

இந்தியாவிலும் இதே சட்டம் உண்டு. 2017ல் நிறைவேறி 2018 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கடல்சார் உரிமைகள் சட்டத்தில், பற்றுரிமை வரிசையில் முதல் இடம் மாலுமியின் சம்பளம், ஊர் திரும்பும் செலவு ஆகியவற்றுக்குத்தான். சம்பளம் பாக்கியான நாளில் இருந்து ரெண்டு வருஷத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். தூத்துக்குடியிலோ சென்னையிலோ நிற்கும் கப்பலை பிடிக்க சென்னை ஐகோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

கிங்பிஷர் விமான ஊழியர்கள் பாக்கிக்காக வருஷக்கணக்கில் அலைந்தார்கள். அதே முதலாளியின் கப்பலில் இருந்தவர்கள் வழக்கு போட்டு, அதே வருஷம் கப்பலை ஏலத்துக்கு கொண்டுவந்துவிட்டார்கள். வித்தியாசத்தை பாருங்கள்.

ரெண்டு மாசம் என்பது லட்சுமண கோடு

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. மாலுமிகளுக்கான சர்வதேச தொழிலாளர் உடன்படிக்கை 2006ல் உருவாகி 2013ல் அமலுக்கு வந்தது. இந்தியா 2015ல் சேர்ந்தது. அதில் 2017 ஜனவரி 18 முதல் ஒரு புது விதி. ரெண்டு மாசம் சம்பளம் தரவில்லை என்றாலே அந்த மாலுமி 'கைவிடப்பட்டவர்' கணக்கில் வருவார். சாப்பாடு, தண்ணீர், ஊர் திரும்ப டிக்கெட் எல்லாம் இன்சூரன்ஸ் பார்க்க வேண்டும். நாலு மாசம் வரை சம்பள பாக்கியும் இன்சூரன்சில் கிடைக்கும். இண்டியன் எம்ப்ரஸ் ஊழியர்களுக்கு முதலில் கை கொடுத்ததே இந்த இன்சூரன்ஸ் பணம்தான்.

ஆனால் இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. இந்த உடன்படிக்கை வணிக ரீதியாக ஓடும் கப்பலுக்குத்தான். வாடகைக்கு விடாமல் முதலாளி தன் குடும்பத்துக்கு மட்டும் வைத்திருக்கும் சொகுசு கப்பல் இதற்குள் வராமல் போகலாம். அதனால் சொகுசு கப்பல் வேலை என்றால் "இது வாடகைக்கு ஓடுற கப்பலா, சொந்த உபயோகமா?" என்று கேட்பது அவசியம்.

இதெல்லாம் எங்கேயோ நடக்கிற கதை என்று விட்டுவிட முடியாது. சர்வதேச போக்குவரத்து தொழிலாளர் கூட்டமைப்பு 2024ல் எடுத்த கணக்குப்படி, அந்த ஒரு வருஷத்தில் உலகம் முழுவதும் 312 கப்பல்கள், 3,133 மாலுமிகள் கைவிடப்பட்டனர். அதில் 899 பேர் இந்தியர்கள். எந்த நாட்டுக்காரரையும் விட நம்ம ஆட்கள்தான் அதிகம் என்பது குறிப்பிடத்தக்கது.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

* ஏஜென்டுக்கு மத்திய அரசின் கப்பல் துறை தலைமை இயக்குனரகம் கொடுத்த ஆள் எடுக்கும் லைசென்ஸ் இருக்கிறதா? மும்பையில் உள்ள அந்த இயக்குனரகத்தின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. லைசென்ஸ் நம்பரை வாங்கி நீங்களே தேடிப்பாருங்கள். போட்டோ ஸ்டூடியோ மாடியில் போர்டு தொங்குவதெல்லாம் லைசென்ஸ் ஆகாது.

* வேலை வாங்கித் தர மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது என்பது விதி. பாஸ்போர்ட், மெடிக்கல், பயிற்சி கட்டணம் உங்கள் செலவு. "சீட்டுக்கு மூணு லட்சம்" என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நகையை அடகு வைக்காதீர்கள்.

* கையெழுத்தான வேலை ஒப்பந்தம் விமானம் ஏறும் முன் உங்கள் கையில் இருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு, எத்தனை மாசம், யார் கொடுப்பார் என்பது அதில் இருக்க வேண்டும். ஒரு காப்பியை வீட்டில் கொடுத்துவிட்டு போங்கள்.

* டூரிஸ்ட் விசாவில் போய் கப்பல் ஏறலாம் என்றால் நம்பாதீர்கள்.

* கப்பலின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். பெயர் மாறும். ஏழு இலக்க ஐஎம்ஓ நம்பரை கேளுங்கள். கப்பல் எத்தனை கை மாறினாலும் அந்த நம்பர் மாறாது. நம்ம வண்டிக்கு சேசிஸ் நம்பர் மாதிரி.

* கப்பல் ஏறியதும் இன்சூரன்ஸ் சான்றிதழ் ஊழியர் பார்வைக்கு ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி. செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

* ரெண்டு மாசம் சம்பளம் வரவில்லையா? "அடுத்த மாசம் சேர்த்து தர்றேன்" என்ற பேச்சை நம்பி ஆறு மாசம் ஓட்ட வேண்டாம். கப்பல் துறை இயக்குனரகத்துக்கும், மாலுமிகள் சங்கத்துக்கும் உடனே எழுதுங்கள். நாலு மாசத்துக்கு மேல் இன்சூரன்ஸ் தராது என்பதை மறக்கக் கூடாது.

* சம்பளம் வாங்கும் முன் கப்பலை விட்டு இறங்க சொன்னால், பாக்கி எவ்வளவு என்று கேப்டனிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த சீட்டுதான் பின்னால் கோர்ட்டில் பேசும்.

தெப்பத் திருவிழா அன்று அனுப்பானடி ஜனங்கள் கரையில் நின்று வடம் பிடித்து இழுத்தால்தான் தெப்பம் நகரும். 95 மீட்டர் எம்ப்ரஸாக இருந்தாலும், 82 மீட்டர் நீரோவாக இருந்தாலும், உள்ளே வேலை பார்ப்பவர் இல்லை என்றால் ஒரு அடி நகராது. அடுத்த முறை யாராவது "கப்பல் எவ்வளவு பெரிசு தெரியுமா தம்பி?" என்று ஆரம்பித்தால், "அது இருக்கட்டும் அண்ணே... லைசென்ஸ் நம்பரை சொல்லுங்க" என்று கேளுங்கள்.